கோட்டின் தடிப்பு

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் சவளக்கடைப் பிள்ளைகளுக்குக் கல்முனை தூரமாகிவிடும். அப்படியான ஒரு வாரத்தில், ரியூஷனுக்குப் போக வழியில்லாமல் வீட்டில் அடைபட்டிருந்த ராத்தாவின் மகன் ஒரு மட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். ஒரு பக்கச் சுவரில் இரண்டு சவர பிளேட்டுகளை நெருக்கி ஒட்டிச் செய்த பிளவு. மறு பக்கத்தில் பழைய வெப்கமரா ஒன்று. அதன் கண்ணுக்கு முன்னால், டிவிடியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. உள்ளே முழுக்கக் கறுப்புக் கடதாசி. உயர்தரப் பௌதிகவியலில் திருசியமானி என்று படிக்கிற, தமிழ்நாட்டு நூல்கள் நிறமாலைமானி என்று சொல்கிற கருவியின் வீட்டுப் பதிப்பு அது.

விளக்கை அணைத்துவிட்டு, பச்சை லேசரை ஒரு வெள்ளைத் தாளில் அடித்து, அந்தத் தாளின் வெளிச்சம் பிளவுக்குள் போகும்படி பிடித்தோம். கணினித் திரையில் பச்சையாக ஒரு கோடு எழுந்தது. எனக்குச் சந்தோஷம். அவனுக்கு இல்லை.

"மாமா, லேசர் எண்டா ஒரே நிறம் எண்டுதானே படிச்ச. அப்ப இந்தக் கோடு ஏன் இவ்வளவு மொத்தமா இரிக்கி?"

நல்ல கேள்வி. கருவியைச் செய்து முடிக்கும் பலர் வானவில்லைக் கண்ட மகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு கோட்டின் தடிப்பைக் கண்டு சந்தேகப்படுகிறவன்தான் அளவீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திரையில் விழுந்த பச்சைக் கோடு பிளவின் படம். பிளவை நட்சத்திர வடிவில் வெட்டியிருந்தால் பச்சை நட்சத்திரம் ஒன்று தெரிந்திருக்கும். டிவிடித் துண்டின் வேலை, ஒவ்வொரு நிறத்துக்கும் பிளவின் ஒரு பிரதியை எடுத்து, அந்த நிறத்துக்குரிய திசையில் தள்ளி வைப்பது மட்டுமே. சிவப்பை அதிகமாகத் தள்ளும், ஊதாவைக் குறைவாகத் தள்ளும். வெள்ளை ஒளி வந்தால் ஆயிரக்கணக்கான பிளவுப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நமக்கு வானவில்லாகத் தெரிகின்றன. ஒவ்வொரு படமும் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அக்கம்பக்கத்து நிறங்களின் மேல் அது படுத்துக்கொள்ளும்.

இதே சங்கதியை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் தொட்டிருக்கிறார். கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார்: பாதி மறைந்த சூரியனின் ஒளி சிறு துளை வழியாக இருட்டறைக்குள் வந்தால் சுவரில் பிறை வடிவம் விழுகிறது, துளையைப் பெரிதாக்கினால் ஏன் பிறை மறைந்து துளையின் வடிவமே விழுகிறது? சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் சுவரில் துளையின் ஒரு பிரதியை வரைகிறது. துளை சிறிதாக இருந்தால் அந்தப் பிரதிகள் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து பிறையைக் காட்டும். துளை பெரிதானால் பிரதிகள் ஒன்றையொன்று மூடி, சூரியனின் வடிவத்தைத் தின்றுவிடும். 2019 டிசம்பர் 26 அன்று வந்த கிரகணத்தில் வடக்கே வளையமாகத் தெரிந்த சூரியன் எங்கள் கரையில் பிறையாகத்தான் இருந்தது. அப்படியான நேரத்தில் வெயில் விழும் மாமர நிழலைப் பார்த்தால், இலை இடுக்குகள் சிறிதாக உள்ள இடத்தில் மணலெங்கும் பிறைகள் கிடக்கும். இடுக்கு பெரிதான இடத்தில் வெறும் வெளிச்சத் திட்டுத்தான். சவர பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அந்த இலை இடுக்குத்தான்.

அடுத்தது டிவிடி. இதை விளங்கிக்கொள்ள நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை; மருதமுனை வரைக்கும் போனால் போதும். கைத்தறியில் நெய்த மெல்லிய துணி ஒன்றை விரித்துக் கண்ணுக்கு அருகில் பிடித்து, இரவில் தூரத்து வீதி விளக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் சிலுவைக் கோலமாகப் பல விளக்குகள் தெரியும். பக்கத்து விளக்குகளின் ஓரத்தில் நிறம் பிரிந்திருக்கும். பாவும் ஊடையும் ஒழுங்கான இடைவெளிகளை உண்டாக்கியிருப்பதால் வருவது இது. சென்ரிமீற்றருக்கு 20 இழை என்று வைத்தால் இழைக்கு இழை அரை மில்லிமீற்றர். பச்சை ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒன்றை மற்றதால் வகுத்தால் வருகிற கோணத்தில், 10 மீற்றர் தூரத்து விளக்கின் பிரதிகள் ஒன்றிலிருந்து ஒன்று ஒரு சென்ரிமீற்றர் அளவு விலகித் தெரியும்.

1785இல் பிலடெல்பியா நகரில் ஃபிரான்சிஸ் ஹொப்கின்சன் தன் வீட்டு வாசலிலிருந்து பட்டுக் கைக்குட்டை ஒன்றின் ஊடாக வீதி விளக்கைப் பார்த்தபோது கண்டது இதைத்தான். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அவர். கைக்குட்டையை அசைத்தாலும் கோலம் அசையவில்லை என்பது அவரைக் குழப்பியது. கருவிகள் செய்வதில் கெட்டிக்காரரான தன் நண்பர் டேவிட் ரிட்டன்ஹவுஸிடம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் இரண்டு நுண்ணிய திருகாணிகளின் புரிகளுக்கிடையே தலைமுடிகளை இணையாக இழுத்துக் கட்டினார். ஊடை இல்லாத, பாவு மட்டுமுள்ள ஒரு குட்டித் தறி என்று சொல்லலாம். சிலுவைக் கோலம் போய் ஒரே வரிசையில் நிறங்கள் பிரிந்தன. ஒளியைப் பிரிக்கும் கீற்றணியின் ஆரம்பங்களில் அது ஒன்று. 1821 அளவில் ஜெர்மனியில் ஃபிரௌன்ஹோஃபர் தலைமுடிக்குப் பதிலாகக் கம்பியை வைத்து அலைநீளங்களையே அளந்தார்.

டிவிடியின் முகத்தில் சுருளாக ஓடும் தடங்களுக்கிடையே உள்ள தூரம் 0.74 மைக்ரோமீற்றர். மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1350 இழை. எந்தத் தறியும் அந்த நெருக்கத்துக்கு வராது. சீடியில் தட இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர் என்பதால் அது நிறங்களை அவ்வளவு தூரம் பிரிக்காது. எழுதப்படாத டிவிடி ஒன்றின் ஓரத்தில் பிளேட்டை நுழைத்தால் அது இரண்டு தட்டுகளாகக் கழன்று வரும். ஊதாச் சாயத்தை ஸ்பிரிட்டால் கழுவிவிட்டால் கண்ணாடி போன்ற துண்டு கிடைக்கும். 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது பொதுமக்களே தங்கள் கரையை அளக்க வேண்டும் என்று கிளம்பிய பப்ளிக் லேப் என்ற குழு, இப்படியான மட்டைப் பெட்டிக் கருவியை உலகெங்கும் பரப்பியது. இவன் செய்ததும் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

இனி, கோடு தடிப்பாக இருந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். 1868இல் ஒரு மஞ்சள் கோடு அதற்குப் பதில் சொன்னது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து போனது. பிரான்ஸிலிருந்து வந்த ஜான்சென் குண்டூரில் முகாமிட்டார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நோர்மன் பொக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரிய விளிம்பில் தீநாக்குகள் போல் எழும் பிழம்புகளின் ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்ப்பது அதுவே முதல் தடவை. பிரகாசமான கோடுகள் தெரிந்தன. ஐதரசனின் கோடுகளை அடையாளம் கண்டார்கள். மஞ்சளிலும் ஒரு கோடு இருந்தது. பார்த்தவர்களில் பலர் அதைச் சோடியத்தின் கோடு, அதாவது ஃபிரௌன்ஹோஃபர் 'டி' என்று பெயரிட்ட கோடு, என்றே எடுத்துக்கொண்டார்கள். பொக்சன் மட்டும் டியின் இடத்தில் அல்லது அதற்கு அருகில் என்று தயங்கினார்.

அந்தத் தயக்கத்தின் அளவு எவ்வளவு? சோடியத்தின் மஞ்சள் உண்மையில் இரட்டைக் கோடு: 589.0, 589.6 நனோமீற்றர். பிழம்பில் தெரிந்த கோடு 587.6. பக்கத்துச் சோடியக் கோட்டுக்கும் அதற்கும் இடைவெளி 1.4 நனோமீற்றர்தான். கிரகணம் நீடிக்கும் சில நிமிடங்களுக்குள், மங்கிய வெளிச்சத்தில், கண்ணால் அந்த 1.4ஐப் பிரித்தறிய வேண்டியிருந்தது. கிரகணம் இல்லாமலே பிழம்புகளைப் பார்க்கும் வழியை ஜான்சென் மறுநாளே குண்டூரில் கண்டுபிடித்தார்; இங்கிலாந்தில் லொக்கியர் அக்டோபர் 20 அன்று தனியாக அதைச் செய்தார். அவசரமில்லாமல் அளக்க முடிந்த பிறகுதான் அந்த மஞ்சள் சோடியம் இல்லை என்பது உறுதியாயிற்று. பூமியில் தெரிந்த எந்த மூலகமும் அந்தக் கோட்டைத் தரவில்லை. கிரேக்கரின் சூரியக் கடவுள் பெயரில் அதற்கு ஹீலியம் என்று பேர் வைத்தார்கள்.

கதை அத்தோடு நிற்கவில்லை. 1895இல் லண்டனில் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றை அமிலத்தோடு சூடாக்கி வெளியேறிய வாயுவில் ஒரு பிரகாசமான மஞ்சள் கோட்டைக் கண்டார். பழையபடி அதே கேள்வி: உப்பிலுள்ள சோடியமா, வேறு ஏதாவதா? வாயுவின் மாதிரியை வில்லியம் குரூக்ஸுக்கு அனுப்பினார். குரூக்ஸ் அளந்து, சூரியனில் கண்ட கோடுதான் என்றார். 27 ஆண்டுகளுக்குப் பின் ஹீலியம் பூமியில் பிடிபட்டது. குரூக்ஸின் கருவிக்கு இரண்டு நனோமீற்றர் தடிப்புள்ள கோடுதான் தெரியும் என்றால், இரண்டு மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, யாருக்கும் எதுவும் விளங்கியிராது.

இப்படி மிக நெருக்கமான இரண்டு நிறங்களை இரண்டாகக் காட்டும் வல்லமையைப் பிரிதிறன் என்கிறோம். நடைமுறையில் அதை அளப்பது எளிது. ஒற்றை அலைநீளம் மட்டுமே உள்ள ஒளியைக் கருவிக்குள் விடுங்கள். கோட்டின் உச்சப் பிரகாசத்தில் பாதி உயரத்தில் அதன் அகலம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த அகலத்துக்குள் இரண்டு கோடுகள் வந்தால் கருவி அவற்றை ஒன்றாகவே காட்டும்.

லேசர் இங்கேதான் வேலைக்கு வருகிறது. நல்ல பச்சை லேசர் சுட்டியின் ஒளி, ஒரு நனோமீற்றரின் சிறு பங்குக்குள் அடங்கிவிடும். மட்டைப் பெட்டியின் பார்வையில் அது தடிப்பே இல்லாத ஒளி. ஆகவே திரையில் தெரிகிற தடிப்பு முழுவதும் பெட்டியின் தடிப்பு. ராத்தாவின் மகனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: லேசர் ஒரே நிறம்தான் மகன், மொத்தமாக இருப்பது உன் பெட்டி.

ஆனால் கடையில் கிடைக்கும் எல்லா லேசரும் ஒன்றல்ல. பச்சைச் சுட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே நடப்பது வியப்பானது. முதலில் ஒரு குறைகடத்தி 808 நனோமீற்றரில் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை, தமிழ்நாட்டார் சொல்லும் அகச்சிவப்பை, உண்டாக்குகிறது. அது நியோடிமியம் கலந்த ஒரு பளிங்கைத் தூண்ட, 1064 நனோமீற்றரில் இன்னொரு செங்கீழ்க் கதிர் பிறக்கிறது. இன்னொரு பளிங்கு அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க, அலைநீளம் பாதியாகி 532 ஆகிறது. அதுவே நாம் காணும் பச்சை. அந்த அலைநீளத்தைத் தீர்மானிப்பது பளிங்குக்குள் இருக்கும் நியோடிமிய அணுக்கள் என்பதால் அது பெரிதாக அங்கும் இங்கும் நகராது. சிவப்புச் சுட்டி அப்படியில்லை. அதில் குறைகடத்தியே நேரடியாக ஒளிர்கிறது. உறையில் 650 என்று எழுதியிருக்கும். உண்மையில் அதற்குச் சில நனோமீற்றர் முன்பின் இருக்கலாம். ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 0.2 நனோமீற்றர் நகரும். பங்குனி வெயிலில் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையிலேயே அது இரண்டு நனோமீற்றர் இடம்பெயர்ந்துவிடும். ஒளியும் பச்சையளவு ஒடுக்கமில்லை. ஊதாவில் 405 என்று விற்பதும் இதே குறைகடத்திச் சாதிதான். பிரிதிறனை அளக்கப் பச்சையை நம்பலாம். சிவப்பையும் ஊதாவையும், கமராவின் கூர்மை நிறமாலையின் இரு ஓரங்களிலும் கெடுகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைச் சுட்டிக்குள் பிறக்கும் செங்கீழ்க் கதிரை வெளியே விடாமல் தடுக்க ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். மலிவானவற்றில் சில வேளை அது இருப்பதில்லை. பச்சை மங்கலாகவும் செங்கீழ்க் கதிர் அதைவிடப் பல மடங்கு பலமாகவும் வந்த ஒரு சுட்டியைப் பற்றி 2010இல் அமெரிக்காவின் நிஸ்ட் அளவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிருக்கு இமை மூடாது. கதிரைக் கண்ணாடியிலோ பளபளப்பான கரண்டியிலோ படவிடக் கூடாது. டிவிடித் துண்டின் ஊடாக லேசரைக் கண்ணால் பார்க்கவே கூடாது. பார்ப்பது கமராவின் வேலை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் லேசரை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போகவும் கூடாது.

இனி அளவீடு. திரையில் கோடு எத்தனை பிக்சல் அகலம் என்பதை எண்ணிவிடலாம். ஒரு பிக்சல் எத்தனை நனோமீற்றர் என்று எப்படித் தெரியும்? லேசரின் உறையில் உள்ள எண்ணை நம்பாமல், இயற்கை முத்திரை குத்திய ஒளி ஒன்று வேண்டும். அது பலருடைய வீட்டுக் கூரையில் இன்னும் தொங்குகிறது: பழைய சுருள் சீஎஃப்எல் பல்ப். அதற்குள் இருக்கும் இரச ஆவி 435.8இல் நீலக் கோட்டையும் 546.1இல் பச்சைக் கோட்டையும் தரும். இரச அணு கல்முனையிலும் கலிபோர்னியாவிலும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். பச்சைக் கோட்டை எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: பல்பின் உட்பூச்சிலுள்ள டெர்பியம் அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு பச்சையைத் தரும். இரசத்தின் கோடு ஒடுக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கும்.

உதாரணத்துக்கு, நீலக் கோடு 410ஆவது பிக்சலிலும் பச்சைக் கோடு 850ஆவது பிக்சலிலும் விழுகிறது என்று வைப்போம். 440 பிக்சலுக்கு 110.3 நனோமீற்றர்; ஒரு பிக்சலுக்கு 0.25. இப்போது பல்பை அணைத்து லேசரை அடித்தால், 532க்குரிய கோடு 794ஆவது பிக்சலுக்குப் பக்கத்தில் எழ வேண்டும். எழுந்தால் கணக்குச் சரி. அதன் பாதியுயர அகலம் 6 பிக்சல் என்றால் பிரிதிறன் 1.5 நனோமீற்றர்.

இவ்வளவுதானா என்றால், இல்லை. இந்த 6 என்ற எண்ணைப் பெறும் வழியில் நான்கு இடத்தில் கால் தடுக்கும். நாங்கள் எல்லாவற்றிலும் தடுக்கி விழுந்தோம்.

லேசர் அதிகப் பிரகாசம். கமரா தாங்கக்கூடிய உச்சத்தைத் தாண்டினால் கோட்டின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். உச்சம் எங்கே என்று தெரியாதபோது பாதி எங்கே என்று எப்படிச் சொல்வது? கோடு அதனால் தடித்துத் தெரியும். கமராவின் தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு, பச்சை வாசிப்பு 255ஐத் தொடாதபடி குறைக்க வேண்டும்.

இரண்டாவது பொறி யாருக்கும் எளிதில் தெரியாது. வெப்கமரா தரும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. மனிதக் கண்ணுக்கு ஏற்றபடி அவை வளைத்து எழுதப்படுகின்றன. வழக்கமான வளைப்பில், உச்சம் 255 என்றால் பாதி ஒளிக்குரிய எண் 186 ஆகும். 128 அளவில் அகலத்தை எடுத்தால் உண்மையில் உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே அளக்கிறோம். கோடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தடிப்பாகப் பதிவாகும். கருவி நல்லதாக இருந்தும் அதைக் கெட்டது என்று எழுதிவைத்துவிடுவோம்.

மூன்றாவது, லேசர் வெளிச்சம் தாளில் பட்டால் மணல் தூவியது போல் மினுங்கும் புள்ளிகள் வரும். ஒரே ஒழுங்கில் வரும் அலைகள் தாளின் கரடுமுரடில் பட்டு ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாகும் புள்ளிகள் அவை. கோட்டின் ஓரம் இதனால் பிய்ந்ததுபோல் இருக்கும். தாளை மெதுவாக அசைத்துக்கொண்டே பல படங்களை எடுத்துச் சராசரி காண வேண்டும். மேசை விசிறியின் காற்றில் தாளை ஆடவிட்டாலும் போதும்.

நான்காவது, சோம்பலால் வருவது: தாள் எதற்கு, லேசரை நேரே பிளவுக்குள் அடித்தால் என்ன? அடிக்கலாம். ஆனால் அந்த மெல்லிய கதிர் டிவிடித் துண்டில் ஒரு பொட்டளவு இடத்தை மட்டுமே தொடும். நீங்கள் நாளை அளக்கப்போகிற பல்பின் ஒளியோ துண்டு முழுவதையும் நிறைக்கும். பொட்டில் அளந்த பிரிதிறன் அந்தப் பல்புக்குப் பொருந்தாது. எதை அளக்கப்போகிறோமோ அது நுழைகிற விதத்திலேயே லேசரும் நுழைய வேண்டும். கமராவையும் நேர்க் கதிரிலிருந்து காப்பாற்றியதாக இருக்கும்.

இத்தனையும் சரிசெய்த பிறகு மிஞ்சுகிற தடிப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு கடதாசித் துண்டில் போடக்கூடிய கணக்கு. ஒளி டிவிடித் துண்டில் நேர்க்குத்தாக விழுகிற அமைப்பில், பிளவின் அகலத்தை, பிளவுக்கும் துண்டுக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, தட இடைவெளியால் பெருக்க வேண்டும். பிளவு 0.3 மில்லிமீற்றர், தூரம் 150 மில்லிமீற்றர், தட இடைவெளி 740 நனோமீற்றர் என்றால் விடை 1.48. திரையில் கண்ட 1.5 கிட்டத்தட்ட அப்படியே பிளவிலிருந்து வருகிறது. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

டிவிடியைக் குறை சொல்ல இடமில்லை. கீற்றணியின் சொந்த எல்லை, ஒளி படும் இழைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கமராக் கண்ணின் திறப்பு 3 மில்லிமீற்றர் என்றால் அதில் ஏறத்தாழ 4000 இழை அடங்கும். பச்சையின் 550 நனோமீற்றரை 4000ஆல் வகுத்தால் 0.14. ஒரு டிவிடித் துண்டு 0.14 வரை பிரிக்கத் தயாராக இருக்கும்போது, நம் பிளேட்டுகளின் இடைவெளி அதைப் பத்து மடங்கு கெடுத்து வைத்திருக்கிறது.

அப்படியானால் பிளவைச் சுருக்கு. 0.1 மில்லிமீற்றராக்கினால் பிளவின் பங்கு 0.49 ஆகும். ஆனால் வில்லை சற்றுக் கூர்மை தவறியதால் வரும் மங்கல் ஒன்று எப்போதும் பின்னால் நிற்கும். அதை 0.6 என்று வைப்போம். இந்தத் தடிப்புகள் நேராகக் கூடுவதில்லை. ஏறத்தாழ, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அகலப் பிளவில் மொத்தம் 1.6, ஒடுங்கிய பிளவில் 0.77. பிளவு மூன்றில் ஒன்றாகியும் தடிப்பு பாதியளவுதான் குறைந்தது. உள்ளே வரும் வெளிச்சமோ மூன்றில் ஒன்றாகிவிட்டது. இதற்கு மேலும் பிளவைச் சுருக்கினால் இருட்டுத்தான் கூடும். அந்த இடத்தில் பிளேட்டை விட்டுவிட்டு வில்லையின் குவியத்தைத் திருத்த வேண்டும்.

எவ்வளவு பிரிதிறன் போதும் என்பது கேட்கிற கேள்வியைப் பொறுத்தது. 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் ராமனும், வத்திராயிருப்பிலிருந்து போன கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்கள் சிதறடித்த ஒளியில் புது நிறத்தைக் கண்ட நாட்களில், அவர்கள் கண்ணில் வைத்துப் பார்த்தது சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு நிறமாலைமானி. இரசத்தின் 435.8 நனோமீற்றர் ஒளி பென்சீனில் பட்டால் அதன் பலமான புதுக் கோடு 455.5 அளவில், 20 நனோமீற்றர் தள்ளி எழும். 1.5இன் தடிப்பு அங்கே தடையே இல்லை. அங்கே பஞ்சம் வெளிச்சத்துக்கு. நேர் எதிர்த் திசையில், கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் ஜோன் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். வினாடிக்கு இரண்டு கிலோமீற்றர் ஓட்டம் ஒரு கோட்டை நகர்த்துவது வெறும் 0.004 நனோமீற்றர். எங்கள் பெட்டியின் தடிப்பில் அது ஏறத்தாழ நானூறில் ஒரு பங்குதான்.

சவளக்கடை வயலிலிருந்து ஒரு நெல் இலையைக் கிள்ளி, நசுக்கி, அசற்றோனில் ஊறவைத்தால் பச்சையம் இறங்கும். அதன் சிவப்பு உறிஞ்சல் 663 நனோமீற்றர் அளவில் அகலமாகக் கிடக்கும் ஒரு பள்ளம். அதை வரைய 1.5 தாராளம்; பிளவை இன்னும் அகட்டி வெளிச்சத்தைக் கூட்டினாலும் பாதகமில்லை. ஒற்றைக் கோட்டின் இடத்தைக் குறிப்பதற்கும் இந்தத் தடிப்பு பெரிய தடை இல்லை. கோடு பளிச்சென்று இருந்தால், அதன் நடுவை அகலத்தின் பத்தில் ஒரு பங்குக்குத் துல்லியமாகக் காணலாம். இடம் காண்பது வேறு, இரண்டைப் பிரிப்பது வேறு. உயர்தர மாணவர்கள் இதை அடிக்கடி ஒன்றாக்கிக் குழம்புகிறார்கள்.

ஆகவே நான் அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பெட்டியின் மேல் மார்க்கர் பேனையால் எழுது. பிளவு எவ்வளவு, அளந்த திகதி என்ன, 532இல் தடிப்பு எவ்வளவு. அந்த எண் இல்லாமல் அந்தப் பெட்டியிலிருந்து வருகிற எந்தப் படத்தையும் நான் வாசிக்க மாட்டேன். எழுதினான். அழகான கையெழுத்து அவனுக்கு.

பிறகு பிளேட்டுகளைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய தாளொன்றை வைத்து நெருக்கி ஒட்டி, தாளை உருவியெடுத்தான். குவியத்தையும் திருத்தினோம். ராத்தா குசினிக்குள் அடுப்பை ஒதுக்கித் தந்தார். கரண்டி நுனியில் உப்பை எடுத்துச் சுவாலையில் பிடித்தவுடன் சுவரெல்லாம் மஞ்சளாகியது. திரையில் அந்தக் கோடு எழுந்தது. முன்பைவிட மெலிந்திருந்தது. அதற்குள் 0.6 நனோமீற்றர் இடைவெளியில் இரண்டு இருக்கின்றன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ராத்தா இன்னொரு சிட்டிகை உப்பு எடுத்துத் தந்தார். வெளியே மழை விட்டிருந்தது. கோடு இன்னும் ஒன்றாகவே நின்றது.